இறகுக்குள் போன பாதரசம்

ஊரில் அவளுக்கு 'வாத்துக்காரி' என்று பெயர். முதலில் திட்டுவதற்காக வைத்த பெயர்தான். இப்போது அவள் இல்லை. யாராவது, "நீங்க வாத்துக்காரியோட அண்ணன்தானே?" என்று கேட்டால், ஏரியில் படகோட்டியான அவள் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "ஆமா, கூடப் பொறந்தவன்" என்கிறார்.

அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவாள். சோதனைக் குழாய்களில் மட்டும் ஒன்றுகூட இடம் மாறியதில்லை.

ஏரிக்கரையில் வெப்பமானி செய்த ஆலை எப்போதோ மூடிவிட்டது. அது கொட்டிய பாதரசத்துக்குப் பயந்து, ஏரி வாத்துகளைத் தின்னக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்ததும், தடையை எடுத்துவிடலாம் என்றார் நகராட்சித் தலைவர்.

"தண்ணி சுத்தம்னா போதுமா? சேத்துல இருக்கே! புழுவும் நத்தையும் அந்தச் சேத்தைத் தின்னுது, அதுங்களை வாத்து தின்னுது. உள்ள போனது லேசுல வெளிய வராது" என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். வாத்துகளின் ரத்தத்தைச் சோதிப்பதென்று முடிவாயிற்று.

அவளுக்கு அதில் இன்னொரு கவலையும் இருந்தது. அண்ணிக்கு அது ஆறாம் மாதம். "தடை எப்போ போகும்? ஒரு துண்டு வாத்துக்கறி கண்ணுல காட்டுங்களேன்" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றுப் பிள்ளையின் மூளையைத்தான் பாதரசம் முதலில் பதம் பார்க்கும்.

வாத்து பிடிக்கும் வேலை அண்ணனுக்கு. கூடை நிறையக் கொண்டுவந்து இறக்கினார்.

"வலைகூட வேண்டாம்மா. பறக்கவே இல்ல, கத்தரிக்காய் மாதிரி பொறுக்கிட்டு வந்தேன்!"

"நீ பெரிய வேட்டைக்காரன்தான் போ" என்று சிரித்தாள்.

ரத்தத்தில் பாதரசம் இல்லாத மாதிரிதான் இருந்தது. அவளும் கையெழுத்துப் போட்டு முடிவை நகராட்சிக்கு அனுப்பினாள். அண்ணி அன்றே மசாலா அரைக்க ஆரம்பித்துவிட்டாள். அரைக்கும் சத்தத்தைக் கேட்டபடி சாப்பிட உட்கார்ந்தவள், சோற்றில் வைத்த கையை எடுத்தாள்.

"அண்ணா, அதுங்க ஏன் பறக்கல?"

"றெக்கை உதிர்ந்திருந்துச்சு. வருஷா வருஷம் மொத்தமா உதிர்ந்து முளைக்கும். அப்போதான் பிடிக்கிறது சுலபம்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினாள். கூண்டிலிருந்த வாத்துகளின் சிறகில் குருத்து இறகு முளைத்துக்கொண்டிருந்தது. இறகு வளரும் காலத்தில் ரத்தத்திலிருக்கும் பாதரசம் அதற்குள் போய்விடும். ரத்தம் சுத்தமானதுபோல் தெரியும். ஈரலும் சதையும் அப்படி இருக்க வேண்டியதில்லை. பிடிக்கச் சுலபமான நேரம்தான் ஏமாறவும் சுலபமான நேரம். அவள் அந்தக் குருத்துகளைக் கத்தரித்துச் சோதித்தாள். பாதரசம் அங்கே இருந்தது.

தடையை எடுப்பதற்காகக் கூடிய நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"நான் கொடுத்த முடிவு தப்பு. திருப்பிக் கொடுங்க."

தலைவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நேத்து கையெழுத்து போட்டதும் நீங்கதானே? எங்களைப் பார்த்தா விளையாட்டா இருக்கா?"

"நேத்து ரத்தத்தை மட்டும் கேட்டேன் சார். இன்னிக்கு இறகைக் கேட்டேன். என் வேலை போனாலும் பரவாயில்ல, இதை எழுதிக்கோங்க."

பின்வரிசையில் யாரோ, "உக்காரு வாத்துக்காரி!" என்று கத்தினான். அவள் உட்காரவில்லை. தடையும் போகவில்லை.

அரைத்த மசாலாவைக் கத்தரிக்காயில் போட்டு, அண்ணி இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தாள். அண்ணனிடம் தங்கை சொன்னது ஒன்றுதான்: "அடுத்த தடவை பறக்கிறதா பார்த்துப் பிடி, வேட்டைக்காரரே." அதற்காக அவர் ஏரியில் விழாத நாளில்லை. இறகு முற்றிய வாத்துகளின் ஈரலிலும் பாதரசம் இருந்ததைப் பார்த்த பிறகுதான் ஊர் வாயை மூடியது.

அண்ணிக்குப் பிறந்த பெண் இப்போது பெரிய வாயாடி. அத்தையின் சாவுக்கு அழுது ஓய்ந்த கையோடு நேற்று அப்பாவிடம் கேட்டாள்: "அத்தை கூட்டத்துல எழுந்து நின்னப்போ நான் எங்கப்பா இருந்தேன்?"

"உங்கம்மா வயித்துல" என்றார் படகோட்டி. "அங்க உன்னைப் பார்த்துக்கிட்டேதான் அவ நின்னா."