அணிசேராத பாலேந்திரா

பாலேந்திராவுக்கு எதிரிகள் கிடையாது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். லண்டனில் இந்தப் பிளேஸ்டோவுக்கு வந்த நாள்முதல் ஒருவருடைய முகத்தையும் முறிக்காமல் வாழ்ந்துவிட்டதாகப் பெருமை வேறு. பக்கத்து வீட்டுக்காரியான நான் இதை வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

அவருடைய மனைவி கனகாம்பிகைக்கு இரண்டு அண்ணன்மார். மூத்தவர் குலசிங்கம் இந்தியாவின் ஆள். டெல்லி நினைத்தால் ஒரே கிழமையில் தமிழருக்குத் தீர்வு வரும் என்பார். இளையவர் யோகராசா சீனாவின் ஆள். இந்தியா கைவிட்ட பிறகும் புத்தி வராதா, பீஜிங்கோடு பேசுங்கள் என்பார். டெல்லிக்கும் பீஜிங்குக்கும் இந்த இருவரையும் தெரியாது. ஒருவர் பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் பார்க்கிறார், மற்றவர் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். ஆனாலும் பிறந்த தீவைத் துறைமுகம் துறைமுகமாகப் பங்குபோட்டு, ஊர்ச் சங்கத்தையும் இரண்டாக உடைத்து, வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தார்கள். வடக்கும் தெற்கும் ஒட்டாமல் கிடக்கிற நாடு அது. ஆளுக்கொரு பக்கம் வல்லரசுகள் இழுப்பது போதாதென்று, லண்டனிலிருந்தும் இழுக்க ஆள் வேண்டுமா?

பாலேந்திரா இருவருக்கும் தலையாட்டுவார். "ரெண்டு பக்கமும் எங்களுக்கு வேணும்" என்பது அவருடைய கொள்கை. கொழும்பில் இருப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். நாடு இருக்கிற இருப்பைப் பார்த்தால் தெரியும்.

மகன் நிசாந்தனுக்குக் கல்யாணம் வந்தது. தாய் தகப்பன் இல்லாத தன்னை வளர்த்த அண்ணன்மார் இருவரும் ஒன்றாக நின்று அவனை வாழ்த்த வேண்டும், கனகாம்பிகை கேட்டது அவ்வளவுதான். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லுமாகப் பால் அறுகு வைப்போம். பிறகு தாய்மாமன் தேங்காய் உடைத்துத் தலையில் தண்ணீர் வார்க்க வேண்டும். எந்த மாமன் என்று அவள் கேட்டாள்.

"அதை என்னட்டை விடும்," என்றார் பாலேந்திரா.

பாவம், விட்டாள். அவர் மூத்தவரிடம் போய், "நீங்கள்தான் உடைக்கிறியள்" என்றார். இளையவரிடமும் போய் அதையே சொன்னார்.

மார்ச் மாதக் குளிர், தூறல் வேறு. வீட்டுப் பின்வளவில் நிசாந்தன் வேட்டியோடு வெறும்மேலாகப் பலகையில் இருந்தான். நாங்கள் பால் அறுகு வைத்து முடித்தோம். பார்த்தால் மாமன்மார் இருவர் கையிலும் தேங்காய்.

"தம்பி, விலகு. மூத்தவன் நான் இருக்கிறன்," என்றார் குலசிங்கம்.

"மூத்தவன் எண்டு எல்லாத்திலையும் தலையிடேலாது," என்றார் யோகராசா. "உங்கட இந்தியாவும் இப்பிடித்தான். பக்கத்து வீடு எண்டு வந்து வீட்டையே எடுக்கப் பாக்கும்."

"கடனைக் குடுத்துத் துறைமுகத்தை எடுத்தவன் ஆர்? என்ர வாயைக் கிளறாதை."

நிசாந்தனின் பல் தந்தியடித்தது. பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில், கல்யாண மண்டபத்தில் ஐயர் காத்திருந்தார். "ஆரெண்டு சொல்லுங்கோவன்," என்று கனகாம்பிகை கணவரின் கையைப் பிடித்து அழுதாள்.

"ஒராளைச் சொன்னால் மற்றவர் கோவிப்பார்," என்றார் அவர். பெரிய குடையொன்றை விரித்து, மச்சான்மார் இருவருக்கும் சரிபாதியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் நனைந்துகொண்டிருந்தான். எனக்கு அந்தக் குடையைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

நிசாந்தன் எழும்பினான். "அம்மா, குளிருது. நான் உள்ளுக்கை குளிச்சிட்டு வெளிக்கிடுறன்."

அவன் எழும்பியதை மாமன்மார் கவனிக்கவில்லை. பட்டுவேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து அவன் காரில் ஏறியபோதும், வெறும் பலகைக்கு இரண்டு பக்கமும் தேங்காயோடு நின்றார்கள். பேச்சு திருகோணமலையைத் தாண்டி இந்து சமுத்திரத்துக்குப் போயிருந்தது.

கனகாம்பிகை பக்கத்து ஒழுங்கையால் எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, வாறியளோ?"

"பொறும். அவையள் ஒரு முடிவுக்கு வரட்டும்," என்றார் பாலேந்திரா, குடையைத் தாழ்த்தாமல்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்கள் ஏறுங்கோ," என்றாள்.

மாப்பிள்ளையின் தகப்பனுக்கு விட்டிருந்த இடத்தில் நான் ஏறி உட்கார்ந்தேன். கனகாம்பிகையே கதவைச் சாத்தினாள்.