சத்தம் போடாத கெப்

கொட்டாஞ்சேனை பற்றிக்கின் இடது கை எப்போதும் கியர் லீவரின் தலையில்தான் இருக்கும். கியர் மாற்றத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேதான். பார்க்கிறவர்கள் அதை முப்பது வருஷம் வாகனம் ஓட்டிய மனிதரின் எடுப்பு என்று நினைத்தார்கள். உண்மை வேறு. அந்தக் கையால்தான் பற்றிக் என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார். காதால் கேட்பது நின்று ஆறு வருஷமாகிவிட்டது.

அடியோடு கேட்காது என்றும் சொல்லிவிட முடியாது. இடது காது செத்த காது. வலது பக்கம், முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து கதைத்தால் பாதி விழும். மீதியை உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்வார். நிரப்ப முடியாத இடத்தில் ஆமாம் என்பதற்கு ஒரு ‘ஓம்’ போட்டுவிடுவார். அந்தச் சொல்லைப் போல உபகாரி உலகத்தில் வேறில்லை. எந்தக் கேள்விக்கும் பொருந்தும், யாருக்கும் கோபம் வராது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி அருள்நாயகி. அவளும் மாதாவிடம் தவிர வேறெங்கும் வாய் திறக்கவில்லை.

வேலை வெள்ளவத்தையில், நவரத்தினம் முதலாளியின் கண்ணாடிச் சாமான் கடையில். கல்யாண மண்டபங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் கிளாஸும் பீங்கானும் ஏற்றிப் போவது. பதினான்கு வருஷமாக ஓட்டியது, ஊரெல்லாம் பட்டா என்று சொல்லும் சின்ன லொறி. இரண்டு சிலிண்டர் டீசல், என்ஜின் சீட்டுக்குக் கீழே. ஸ்டார்ட் பண்ணினால் முதுகெலும்பு வரைக்கும் ஆட்டும். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் அந்தோனியார் காய்ச்சல்காரனைப் போல நடுங்கிக்கொண்டே இருப்பார். அந்தோனியார் நடுங்கினால் என்ஜின் ஓடுகிறது, நின்றால் நின்றுவிட்டது. சுமை ஏறினால் நடுக்கம் தடிக்கும், வேகம் பிடித்தால் மெலியும். இதைவிட ஒரு டிரைவருக்கு வேறென்ன காது வேண்டும்?

இன்னொரு வசதியும் இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் யாருக்குமே எதுவும் கேட்காது. பக்கத்தில் ஏறுகிறவர்கள் இரண்டாவது நிமிஷத்தில் கதையை நிறுத்திவிட்டுக் கையால் வழி காட்டுவார்கள். ஆகவே பற்றிக்குக் கேட்காதது தனியாகத் தெரியவில்லை. ஃபோன் வந்தாலும் எடுக்கமாட்டார். “ஓட்டக்குள்ள ஃபோன் கதைக்கிறதில்ல, மெசேஜ் போடுங்க” என்று சொல்லிவைத்திருந்தார். அதனால் கடையில் அவருக்குக் கவனமான டிரைவர் என்று பெயர் வேறு.

அந்தப் பெயருக்கு வேட்டு வைக்க வந்தது நாலு சிலிண்டர்.

ஒரு திங்கட்கிழமை காலையில் முதலாளி அவரை மேசைக்கு முன்னால் கூப்பிட்டார். முதலாளிக்குப் பெரிய குரல். கடையில் அவர் கதைத்தால் பக்கத்துப் புடவைக் கடைக்கும் விளங்கும். பற்றிக்குத் தோதான மனிதர்.

“பட்டாவை விக்கப்போறன் பற்றிக். சிங்கிள் கெப் ஒண்டு பாத்திருக்கு, பின்னுக்குத் திறந்த தட்டு. நாலு சிலிண்டர்.”

பற்றிக் அவசரமாக மறித்தார். “நாலு எதுக்கு முதலாளி? இந்தக் காலி வீதியில ரெண்டாம் கியருக்கு மேல நாம எங்க போறம்?”

“கெதியாப் போறதுக்கில்லை, ஆடாமப் போறதுக்கு. ரெண்டு எண்டா ஒண்டு இடிச்சு மற்றது இடிக்கிறதுக்குள்ள வண்டி ஒருக்காக் குலுங்கிப்போடும். நாலு எண்டா ஒண்டு விட ஒண்டு வந்து தாங்கும். பெட்டிக்குள்ள கிளாஸ் நிம்மதியாக் கிடக்கும்.”

“டீசல் குடிக்கும் முதலாளி. கியூஆர் காட்டி டீசல் அளந்து வாங்கின காலத்தில, ஒரு கிழமைக்குத் தந்த டீசலோட கிழமை முழுக்க ஓடினது இந்த ரெண்டு சிலிண்டர்தானே. நாலா இருந்தா பெற்றோல் ஷெட் வாசல்லயே கிடந்திருப்பம்.”

“அது சரி.” நியாயத்தை ஒத்துக்கொள்ளத் தெரிந்த மனிதர். “ஆனா கண்டிக்குச் சாமான் ஏத்தினா கடுகண்ணாவ ஏத்தத்தில மாடு மாதிரி மூசுதே, அதுக்கு என்ன சொல்லுறீர்?”

“வருஷத்தில எத்தின தரம் கண்டிக்குப் போறம்? இன்ஜெக்டர் ஒண்டு பிழைச்சா நாலையும் கழட்டிப் பாக்கவேணும். சூடும் கூட. மூக்கும் நீளம், ஹெவ்லொக் டவுன் லேனுக்குள்ள ஒரே வெட்டில திரும்பாது.”

சொன்னதெல்லாம் உண்மைதான். உண்மையான காரணம் மட்டும் அதில் இல்லை. முதலாளி தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். “நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீர். எண்டாலும் அட்வான்ஸ் குடுத்தாச்சு” என்றார். யோசனை கேட்பதற்கு முதலே முடிவெடுத்துவிடுவது முதலாளிமாருக்கு உள்ள பழக்கம்.

வெள்ளிக்கிழமை கெப் வந்தது. கோயில் ஐயர் திருநீறு பூசி, நாலு சில்லுக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார். கடையை அரைவாசி பார்த்துக்கொள்ளும் முதலாளியின் மகள் கௌரி ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தாள். பற்றிக் சிலுவை போட்டுக்கொண்டு திறப்பைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. கியர் லீவரைத் தொட்டுப் பார்த்தார், செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. காலையில் பட்டாவிலிருந்து கழற்றி ஒட்டிய அந்தோனியார் அசையவே இல்லை. என்ஜின் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் திருப்பினார்.

வெளியே நின்ற முகங்கள் எல்லாம் ஒரேயடியாகச் சுருங்கின. ஐயர் காதைப் பொத்தினார். அப்போதுதான் பற்றிக்கு விளங்கியது, ஓடுகிற என்ஜினுக்குச் செல்ஃப் அடித்துவிட்டார். கரகரவென்று பல் அரைபட்ட அந்தச் சத்தம் காலி வீதிக்கே கேட்டிருக்கிறது, அவரைத் தவிர.

“புது வண்டி, கை பழகவேணும்” என்று சிரித்தார். சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. என்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஒன்று டாஷ்போர்டில் இருந்தது; அதையே பார்த்து ஓட்டினார். முள்ளைப் பார்த்தால் வீதி தெரியாது, வீதியைப் பார்த்தால் என்ஜின் தெரியாது. அதைவிட மோசம், பட்டா வருவதை லேன் முனையிலேயே அறிந்து சனம் ஒதுங்கும். இந்த வண்டி பூனை மாதிரி வந்தது. ஹெவ்லொக் டவுனில் ஒரு ஹோட்டல் வாசலில் பின்னுக்கு எடுத்தபோது, குடை பிடித்த கன்னியாஸ்திரி ஒருவர் கெப்பின் பின்பலகையில் படபடவென்று அடித்தார். அந்த அடி உடம்பில் தட்டியபடியால் பிரேக் போட்டார். எத்தனை தரம் கத்தியிருப்பாரோ. 

இதெல்லாம் போதாதென்று முதலாளி கெப்பில் ஏறத் தொடங்கினார். பட்டாவில் ஒருநாளும் ஏறாத மனிதர். “இதுக்குள்ள இருந்து ஆறுதலாக் கதைக்கலாம்” என்று சந்தோஷம் வேறு. ஏறுவது இடது பக்க சீட்டில், அந்தச் செத்த காதுப் பக்கம். கடைக் குரலும் அங்கே இல்லை. மூடிய கண்ணாடிக்குள் மெல்லிய குரலில், வீதியைப் பார்த்தபடி ஏதோ சொல்லிக்கொண்டே வருவார். பற்றிக் ஓரக்கண்ணால் வாய் அசைவதைப் பிடிப்பார். வாய் நின்றால் “ஓம் முதலாளி” என்பார். சிரித்தால் சிரிப்பார். மூன்று கிழமை இப்படி ஓடியது. ஒரு புதன்கிழமை பம்பலப்பிட்டியில் சிவப்பு விளக்கில் நின்றபோது முதலாளி முழுதாக இவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பச்சை விழுந்தது, பின்னால் பஸ் முட்டிக்கொண்டு வந்தது. பற்றிக் கியரைப் போட்டபடி, “ஓம் முதலாளி, அதுதான் நல்லது” என்றார். முதலாளி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் பற்றிக்கை வீடு வரைக்கும் அரித்தது.

மறுநாள் பின்னேரம் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது கௌரியின் மெசேஜ் வந்தது.

‘பற்றிக் அண்ணை, அப்பா மார்கழியோட கடையை மூடப்போறாராம். கனடாவில இருக்கிற என்ர அண்ணாவோட போய் இருக்கப்போறாராம். உங்களிட்டக் கேட்டவராம், நீங்களும் ஓம், அதுதான் நல்லது எண்டு சொன்னதாம். என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?’

பற்றிக் ஃபோனை அருள்நாயகியிடம் நீட்டினார். அவள் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு அவருக்கு நேரே வந்து நின்று, உதட்டைப் பிரித்துப் பிரித்துக் கதைத்தாள்.

“போய்ச் சொல்லிடுங்க.”

“காது கேக்காது எண்டு சொன்னா நாளைக்கே வேலை போகும்.”

“சொல்லாட்டி மார்கழியில போகும். அவ்வளவுதானே வித்தியாசம்.”

அவளுக்கு எப்போதும் கணக்கு நேராகத்தான் வரும். ஐம்பத்தேழு வயதில், செவிட்டு டிரைவருக்கு யார் வேலை கொடுப்பார்? மெடிக்கலில் பிடித்தால் லைசென்ஸும் இல்லை. கண்ணை மூடினால் அந்தக் கன்னியாஸ்திரியின் குடை வந்து நின்றது. அதுதான் அவரை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பயமுறுத்தியது.

காலையில் கடை திறந்ததும் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“முதலாளி, அண்டைக்கு நீங்க கேட்டது எனக்குக் கேக்கல்ல.”

“எது கேக்கேல்லை?”

“ஒண்டும் கேக்கல்ல. ஆறு வருஷமா.”

முதலாளி எழுந்தார். குரல் மேசைக் கண்ணாடியை அதிரவைத்திருக்கும். பற்றிக்கு அரைவாசி விழுந்தது. ஆறு வருஷமோ, சனம் நடக்கிற வீதியில், ஆரையும் அடிச்சிருந்தா ஆர் பதில் சொல்லுறது. எல்லாம் நியாயமான கோபம். பற்றிக் தலையைக் குனியவில்லை. குனிந்தால் உதடு தெரியாது. திடீரென்று அந்த உதடு நின்றது. முதலாளியின் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறொன்று வந்தது.

“அப்ப நான் மூண்டு கிழமையாச் சொன்னது?” என்று மெதுவாகக் கேட்டார். “என்ர மனிசி செத்துப்போனதிலிருந்து... அதெல்லாம்?”

“இல்ல முதலாளி. மன்னியுங்க.”

கணக்குக் கொப்பியோடு பின்னால் நின்ற கௌரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படிப் பொறுமையாகக் கேட்கிற மனிதனைத் தான் கண்டதில்லை என்று அப்பா வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தது அவளுக்குத்தான் தெரியும்.

முதலாளி உட்கார்ந்தார். பிறகு பில் புத்தகத்தை இழுத்து, அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதித் திருப்பிக் காட்டினார்: ‘கடையை மூடவோ?’

முப்பது ஓம் போட்டிருந்தார் பற்றிக், ஒன்றும் கனக்கவில்லை. இந்தக் கேள்வி கனத்தது.

“வேணாம் முதலாளி” என்றார். “மூடப்போற மனிசன் நாலு சிலிண்டர் கெப் வாங்குவாரா? மூட முடிவெடுத்தவர் டிரைவரிட்டப் போய்க் கேப்பாரா? உங்களுக்கு ஆராவது வேணாம் எண்டு சொல்லவேணும் போல இருந்திருக்குது. நான்தான் சொல்லாம விட்டுட்டன்.”

முதலாளி பேனாவை மூடினார், திறந்தார். மறுபடி எழுதினார்: ‘அப்ப ஆர் ஓட்டுறது?’

வரும் என்று தெரிந்த கேள்விதான். பற்றிக் பொக்கற்றிலிருந்து திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். முப்பது வருஷம் ஏதோ ஒரு வண்டியின் திறப்பு கிடந்த பொக்கற். திறப்பில் வைத்த விரலை எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. வேலைபோன பயமா, பாரம் இறங்கிய ஆறுதலா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“நானில்ல” என்றார்.

கௌரி வந்து திறப்பை எடுத்தாள். “வேற ஆள் வரும்வரைக்கும் நான் ஓட்டுறன்” என்றாள் அப்பாவிடம். அது பற்றிக்கு விழவில்லை. பிறகு பற்றிக்கின் முகத்துக்கு நேரே வந்தாள். “ஆனா கிளாஸ் அடுக்க எனக்குத் தெரியாது. நீங்க இடது பக்கம் ஏறுங்கோ.”

முதலாளி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “தை வரைக்கும் பாப்பம்” என்றார். கடையையா பற்றிக்கையா என்று சொல்லவில்லை. அந்தப் பயம் இப்போதும் பற்றிக்கு இருக்கிறது.

திங்கட்கிழமை ஹெவ்லொக் டவுனுக்கு நாற்பது பெட்டி. கௌரி சாரியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். இதுவரை ஓட்டோ கியர் கார் ஓட்டியவள். கிளட்ச் அவளுக்கு மறந்தே போயிருந்தது. முதல் சந்தியில் சிவப்பு விழுந்து நின்றார்கள். பற்றிக்கின் கை பழக்கத்தில் கியர் லீவரைத் தேடிப்போய், பாதியில் திரும்பி மடியில் விழுந்தது. பச்சை வந்ததும் கௌரி பதறினாள். வண்டி நின்றுவிட்டது என்று நினைத்துத் திறப்பைத் திருப்பினாள்.

சந்தியில் நின்ற பொலிஸ்காரனின் முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் பற்றிக்கு நன்றாகத் தெரிந்த சுருக்கம். முள்ளைப் பார்த்தார், அது எழுநூறில் அமைதியாக நின்றது.

“ஓடிக்கொண்டுதான் இருக்குது தங்கச்சி. கிளட்ச்சை விடுங்க.”

கெப் நகர்ந்தது. காது இரண்டும் நன்றாகக் கேட்கிற கௌரி, வெட்கத்தில் முகம் சிவந்துபோய் அவர் பக்கம் திரும்பினாள்.

“புது வண்டிதானே அண்ணை” என்றாள், “கை பழகவேணும்.”

ஒரு சொல்லும் தப்பாமல் உதட்டில் பார்த்தார் பற்றிக். ஐயர் காதைப் பொத்திய அந்த வெள்ளிக்கிழமையை நினைத்து எத்தனை நாள் வியர்த்திருப்பார். முதலாளியின் கேள்வியையும் அந்தக் குடையையும் நினைத்தால் இன்னமும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் இனிமேல் வெட்கப்படத் தேவையில்லை.

“ஓம்” என்றார். என்ன சொன்னார்கள் என்று தெரிந்து போட்ட ஓம்.