முப்பத்து மூன்றாம் நாள் தாய்மாமன்

கம்பத்துக்குக் கிழக்கே திராட்சைத் தோட்டங்களில் ஓர் ஆளின் தகுதியை அளக்க ஒரே அளவுகோல்தான் உண்டு. எவ்வளவு நேரம் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறான் என்பதுதான் அது. பந்தல் தலைக்கு மேலே இருப்பதால் கவாத்து வெட்டினாலும் குலை அறுத்தாலும் அண்ணாந்தே ஆக வேண்டும். புதிதாக வருகிறவன் கால் மணி நேரத்தில் கையைத் தொங்கப்போட்டுவிட்டு டீ கேட்பான். இருபத்தொன்பது வயது பாண்டீஸ்வரன் மதியச் சாப்பாடு வரைக்கும் கத்தரியை இறக்க மாட்டான். கூலியை உயர்த்தச் சொல்லி அவன் கை தூக்கினாலும் தோட்டக்காரருக்கு வித்தியாசம் தெரியாது.

அவனிடம் ஒரு விசித்திரம் இருந்தது. சித்திரை வெயிலில் மற்றவர்கள் வெற்றுடம்போடு நிற்கையில் இவன் மட்டும் முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு நிற்பான். சட்டைக்குள்ளே இரண்டு பனியன். பனியன்களுக்குள்ளே மூச்சு முட்ட இறுக்கிய ஒரு கச்சை. பிறந்தபோது பெண் குழந்தை என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். அப்போது வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழோடு டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. பெட்டியைத் திறக்க நமக்கு அனுமதி இல்லை. பத்தொன்பது வயதில் அவன் முடியை வெட்டிக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னபோது, தாய் சங்கிலியம்மாள் மூன்று மாதம் பேசவில்லை. நான்காம் மாதம் ஒரு காலையில், "ஏலே, தண்ணி வருது, குடத்த எடு" என்றாள். அரசிதழில் வந்ததைப்போல அன்றோடு அது உறுதியாயிற்று. தங்கை வேல்விழி அதற்கு முந்திய வாரமே அக்காவை அண்ணன் ஆக்கியிருந்தாள்.

வேல்விழிக்குப் பெண் குழந்தை பிறந்து காதுகுத்துக்கு நாள் பார்த்தபோதுதான் சிக்கல் வந்தது. இவர்களுடைய குலதெய்வம் வருசநாட்டு மலையடியில் இருக்கிறது. கோயில் முன்னால் ஒரு வழவழப்பான கல். குழந்தையின் தாயோடு பிறந்தவன் இடுப்பில் வேட்டியும் துண்டும் மட்டும் கட்டிக்கொண்டு அதில் உட்கார வேண்டும். மேலுக்குத் தைத்த துணி எதுவும் ஆகாது. சாமிக்கும் தையற்காரர்களுக்கும் என்ன பகை என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை. அந்த வெறும் நெஞ்சில் சாய்த்து வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள்.

உறவினர்கள் கூடி, ஒரு செம்பு காபி தீர்வதற்குள் முடிவெடுத்துவிட்டார்கள். பிறந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. ஆகவே சித்தப்பா மகன் சூரியபிரகாஷ் உட்காரட்டும். சூரியபிரகாஷ் கேரள எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். முடிவு வருவதற்கு முன்பே பச்சைக்கரை போட்ட பட்டுவேட்டி எடுத்து வைத்துவிட்ட தொலைநோக்காளன்.

"நான் உக்காருறேன்," என்றான் பாண்டீஸ்வரன்.

கூட்டத்தில் மூத்தவளான பிச்சையம்மாள் அத்தை வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். "அங்கன சட்டையக் கழட்டணுமேய்யா."

"கழட்டுறதுக்குத்தான் ரெண்டு வருசமா அலைஞ்சுக்கிட்டு இருக்கேன், அத்த."

உண்மைதான். ஜீப் ஓட்டத் தெரியும் என்று நிரூபிக்கச் சூரியபிரகாஷ் ஒரே ஒரு எட்டுப் போட்டுக் காட்டினான், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தான் ஆண் என்று நிரூபிக்கப் பாண்டீஸ்வரன் மனநல மருத்துவரிடம் இரண்டு கடிதம், கலெக்டர் ஆபீசில் ஓர் அடையாள அட்டை, எண்ணற்ற ரத்தப் பரிசோதனை என்று பஸ்ஸிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்திருந்தான். கடைசியாக மதுரையில் ஓர் அறுவைசிகிச்சை டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்தான்.

டாக்டரம்மா தாளில் படம் போட்டே விளக்கினார். நெஞ்சின் கீழ்ப்பக்கம் இரண்டு வெட்டு. உள்ளே இருக்கும் திசுவை எடுத்துவிட்டு, காம்பைச் சின்னதாக்கி வேறு இடத்தில் வைத்துத் தைப்பது. நீர் வடிய இரண்டு பக்கமும் குழாய், ஒரு வாரம்போல இருக்கும். ஆறு வாரம் இறுக்கமான மருத்துவ உள்சட்டை. அதுவரை கை தோளுக்கு மேலே போகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மல்லாந்தே தூங்க வேண்டும். நெஞ்சில் உணர்ச்சி மெதுவாகத் திரும்பலாம், சில இடத்தில் திரும்பாமலும் போகலாம். தழும்பு மங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், முழுசாக மறையாது. சிலருக்குச் சின்னத் திருத்தம் செய்ய இன்னொரு தடவை வர வேண்டியிருக்கும்.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

"சட்டைய எப்பக் கழட்டலாம், டாக்டர்?"

"ஆறு வாரம் போகட்டுமே. என்ன அவசரம்?"

"ஒரு கல்லு மேல உக்காரணும்," என்றான். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு முழுக்கதையையும் கேட்டார்.

கணக்குப்படி ஆபரேஷனுக்கும் காதுகுத்துக்கும் நடுவே ஏழு வாரம் இருந்தது. அப்புறம் ரத்தத்தில் சத்து குறைவு என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். சங்கிலியம்மாள் ஈரலும் முருங்கைக்கீரையுமாக அவனை நிரப்பி, பதினாறு நாள் கழித்துத் திரும்ப அனுப்பினாள். பஞ்சாங்கமோ யாருடைய ரத்தத்தையும் பார்த்து முகூர்த்தம் குறிப்பதில்லை. ஆக, கோயிலுக்குப் போக வேண்டிய நாள் ஆபரேஷன் முடிந்து முப்பத்து மூன்றாம் நாள். உறவினர்கள் இன்னொரு செம்பு காபி குடித்துவிட்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அவன் உட்காரும் நிலையில் இருந்தால் உட்காரட்டும். இல்லையென்றால் பட்டுவேட்டி தயாராக இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது லாரிக் கயிற்றால் நெஞ்சை வரிந்து கட்டியதுபோல இருந்தது. வலி அவன் பயந்த அளவு இல்லை. வலியைவிட, இருமவும் சிரிக்கவும் முடியாததுதான் பெரிய தண்டனை. அதிலும் சங்கிலியம்மாள் பக்கத்தில் இருக்கும்போது சிரிக்காமல் இருப்பது மனித சக்திக்கு அப்பாற்பட்டது.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பத்தியம்தான் தெரியும், பிரசவப் பத்தியம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்த உடம்பு எதுவானாலும் அவள் சட்டத்தில் அது பிள்ளை பெற்ற உடம்புதான். பூண்டைச் சுட்டுக் கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்தை இடித்து உருட்டினாள். ஜன்னலை அடைத்துக் காதில் பஞ்சு வைத்தாள். ஐந்தாம் நாள் சந்தைக்குப் போய்த் தேடிப் பிடித்து வாங்கி வந்து பால்சுறாப் புட்டு செய்து தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

பாண்டீஸ்வரன் தட்டையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆத்தா, இத எதுக்குக் குடுப்பாக?"

"பால் நல்லா ஊற..." என்று தொடங்கியவள் நின்றாள். மகனுடைய நெஞ்சுக் கட்டைப் பார்த்தாள். தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சரி, வாங்குனது வாங்கியாச்சு. நானே தின்னுக்கிறேன்."

அவன் சிரித்தான். தையல் இழுத்துக் கண்ணில் நீர் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறி, அரைமணி நேரம் நிற்கவில்லை. குழாயைப் பார்க்க வந்திருந்தாள் ஜெயமேரி. ராயப்பன்பட்டியிலிருந்து வந்து அதே தெருவில் குடியிருக்கும் நர்ஸ் அவள்.

"ஏன் சிஸ்டர், நான் ஆசப்பட்டுத்தான பண்ணிக்கிட்டேன். எதுக்கு அழுகுறேன்?"

"மயக்க மருந்து, தூக்கமில்லாதது, அசையாமப் படுத்துக் கெடக்குறது, எல்லாம் சேந்து இப்படி ஒரு வாரம் ஆட்டும். எத்தனையோ பேரப் பாத்துட்டேன். அழுகுங்க. இருமாம அழுகுங்க, அவ்ளோதான்."

குழாயை எடுத்து, கட்டைப் பிரித்த அன்று அவன் முதல்முறையாகக் கண்ணாடியில் பார்த்தான். மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றிய நெஞ்சு, ஒரு பக்கம் வீக்கம், நடுவே கருத்துப் பொருக்குத் தட்டிய இரண்டு வட்டம். பத்து வருஷக் கனவில் அவன் இப்படியொரு படத்தைப் பார்த்ததில்லை.

"கருகுன உளுந்தவட மாதிரி இருக்கு," என்றாள் சங்கிலியம்மாள், ஆழ்ந்த ஆராய்ச்சிக்குப் பிறகு.

"பொருக்கு உதிந்தா உள்ள நல்ல தோல் இருக்கும்," என்றாள் ஜெயமேரி. "இப்பப் பாத்து முடிவு பண்ணாதீக."

அவன் முடிவு பண்ணவில்லை. ஆனால் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். பக்கவாட்டில் நெஞ்சு தட்டையாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் பதினோரு தடவை பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான்.

சூரியபிரகாஷ் ஆப்பிளும் ரொட்டியுமாக வந்தான். நோயாளியை விசாரிக்கத்தான் வந்தான். எதிரணியின் பலத்தை எடைபோட வந்தான் என்று சொல்வது அபாண்டம். சாய்ந்து உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரனின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. கையைத் தூக்கக் கூடாதாகையால் அவன் அதை ஊதி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஈய ஓட்ட முடியல. நீ எங்குட்டுலே மாமனா உக்காரப்போற?"

"ஈ ஓட்டுறது தாய்மாமன் வேலைன்னு யாருண்ணே சொன்னா?"

"புள்ள ஒம்பது கிலோ இருக்குடா."

"தூக்கத்தான் கூடாது. மடியில வச்சுக்கிறலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாக."

"அப்பத் தூக்கி மடியில வைக்கிறது யாரு?"

பாண்டீஸ்வரன் அவனையே பார்த்தான். சூரியபிரகாஷுக்குச் சற்றுத் தாமதமாகப் புரிந்தது.

"ஏலே, பட்டுவேட்டி எடுத்தவன் நானு."

"கட்டிக்கிட்டு வாண்ணே. ஒனக்கு நல்லாத்தான் இருக்கும்."

சூரியபிரகாஷ் ரொட்டிப் பொட்டலத்தை நகர்த்தி வைத்தான். பிறகு எட்டி அந்த ஈயை விரட்டிவிட்டான்.

இருபத்திரண்டாம் நாள் இடது பக்கம் மறுபடி வீங்கியது. உள்ளே நீர் கட்டியிருக்கிறது என்றாள் ஜெயமேரி. மதுரைக்குப் போகும் பஸ்ஸில் அவன் காதுகுத்துப் பத்திரிகையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். வேல்விழியின் புருஷன் வீட்டு உறவினர்களையும் சேர்த்து முந்நூறு பேருக்குப் பத்திரிகை போயிருந்தது. பத்திரிகையில் 'தாய்மாமன் பாண்டீஸ்வரன்' என்று அச்சாகியிருந்தது. அச்சானது பொய்யாகிவிடுமோ என்பதுதான் அவன் பயம். டாக்டரம்மா ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்தார். இது நடக்கக் கூடியதுதான் என்றார். "கோயிலுக்குப் போகலாம். அரைமணி நேரம் மட்டும் உள்சட்டைய எடுக்கலாம். தழும்புல வெயில் படக் கூடாது. குழந்தைய நீங்க தூக்கக் கூடாது."

முப்பத்து மூன்றாம் நாள் காலை பத்தரை. கல், எதிர்பார்த்தபடியே, வெட்டவெயிலில் இருந்தது. பூசாரி கூட்டத்தைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார். "தாய்மாமன் யாரு?"

"எங்கண்ணன், பாண்டீஸ்வரன்," என்றாள் வேல்விழி. மைக் இல்லாமலே அது சமையல் கொட்டகை வரைக்கும் கேட்டது.

அவன் முதலில் கழுத்துப் பொத்தானைக் கழற்றினான். பிறகு மற்றவை. உள்சட்டையின் முன்பக்கக் கொக்கிகளைச் சங்கிலியம்மாள் ஒவ்வொன்றாக விடுவித்தாள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு அந்த நெஞ்சில் வெளிக்காற்று பட்டது அன்றைக்குத்தான். தோளிலும் விலாவிலும் காற்று தெரிந்தது. நடுவில் மரத்திருந்ததால் பட்டதா என்று தெரியவில்லை. பட்டதாகவே வைத்துக்கொண்டான். முதுகு தானாக நிமிர்ந்தது. இத்தனை வருஷம் கூனிக் கூனி நடந்தவனுக்கு இவ்வளவு உயரம் இருப்பது அவன் தாய்க்கே அன்றுதான் தெரிந்தது.

கூட்டம் பார்த்தது. பார்ப்பதற்குத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பிச்சையம்மாள் அத்தை கிட்டேயே வந்து, கண்ணைச் சுருக்கி, இரண்டு சிவந்த கோடுகளையும் ஓரம் விடாமல் பரிசோதித்தாள்.

"தையல் நேர்த்தியாப் போட்டிருக்காக," என்றாள். "எனக்குப் பித்தப்பையில ஆபரேசன் பண்ணப்ப சாக்குத் தைச்ச மாதிரி தைச்சு விட்டுட்டாக. வேணும்னா பாருங்க," என்று முந்தானையை விலக்கப் போனவளை மருமகள்கள் பாய்ந்து தடுத்தார்கள். விசாரணைக் கமிஷன் அத்துடன் கலைந்தது.

பாண்டீஸ்வரன் கல்லில் உட்கார்ந்தான். பச்சைக்கரைப் பட்டுவேட்டியில் சூரியபிரகாஷ், தானும் வெற்றுடம்பாக, குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்தான். வைத்துவிட்டுப் பெரிய கறுப்புக் குடையை விரித்துத் தழும்புகளுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டான். தாய்மாமனுக்கு ஓர் உதவி தாய்மாமன் உண்டு என்பதை அந்தக் கோயில் அன்று முதன்முதலாகக் கண்டது.

ஆசாரி வலது காதில் குத்தினார். குழந்தை அலறித் துள்ளியது. இடது காதில் குத்தும்போது அதன் குதிகால் வந்து நெஞ்சின் மேலேயே இறங்கியது. சங்கிலியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வலிச்சதாய்யா?"

"இல்லத்தா." முகம் வெளிறியிருந்தாலும் அவன் குழந்தையை விலக்கவில்லை. கையைத் தோளுக்குக் கீழேயே வளைத்து, இன்னும் நெருக்கிப் பிடித்தான். அது தேம்பித் தேம்பி அவன் வெறும் நெஞ்சை எச்சிலாலும் மூக்குநீராலும் முழுக்காட்டிவிட்டு, அங்கேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போயிற்று.

"மாமா, எந்திரிங்க. அடுத்த காது காத்துக் கெடக்கு," என்றார் பூசாரி.

"நான் புள்ளையத் தூக்கக் கூடாது சாமி."

தூக்க வேண்டியவன் குடையோடு மலையை ரசித்துக்கொண்டிருந்தான். ஜீப் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது. சங்கிலியம்மாள் உள்சட்டையை நீட்டி, அரைமணி ஆச்சு என்றாள். அதற்கும் இரண்டு பேரும் திரும்பவில்லை.

அடுத்த முறைக்காரர் தேவதானப்பட்டியிலிருந்து வந்த, நல்ல தொந்தியுள்ள ஒரு மனிதர். இடுப்பில் துண்டு, தோளில் வீறிடும் ஒரு குழந்தை. கல்லைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், தழும்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தூங்கும் குழந்தையைப் பார்த்தார்.

"கொஞ்சம் நகந்து ஒக்காரு, பங்காளி. ரெண்டு பேருக்கு எடம் இருக்கு."

பாண்டீஸ்வரன் நகர்ந்தான். அவர் பெருமூச்சோடு பக்கத்தில் அமர்ந்தார். குடை இரண்டு பேருக்குமாகச் சற்றே சாய்ந்தது.

"தங்கச்சி புள்ளையா?"

"ஆமாண்ணே. மொதப் புள்ள."

"எனக்கு இது அஞ்சாவது. இந்தக் கல்லு என் பேருக்கே பட்டா ஆகிருச்சு." அவர் கீழே குனிந்து பார்த்தார். "ஒன் வேட்டி நனையுதப்பா. புள்ள ஒண்ணுக்கு விட்டுருச்சு."

"தெரியுதுண்ணே," என்றான் பாண்டீஸ்வரன், அசையாமல்.