அம்மையின் கல்லில் 'ரெலிக்ட்'

எங்கள் சபைச் செயலாளர் என் அம்மையை அவள் கல்லறையிலேயே அவமானப்படுத்தினார். தெரிந்தே செய்தார்.

சபைக் கல்லறையில் கல் வைக்க வேண்டுமென்றால் வாசகத்துக்கு அவர் சம்மதிக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். பழைய மிஷனரிகளின் கல்லறைகளைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் எழுதுவார். எங்கள் ஊரில் அதற்கு மேல் மரியாதை கிடையாது. தமிழ் மட்டுமே தெரிந்து செத்தவர்களின் தலைமாட்டிலும் வெள்ளைக்காரன் இங்கிலீஷ்தான் நிற்கும்.

நான் எழுதிக் கொடுத்தது அம்மையின் பெயர், அதன் கீழே 'அண்டியாபீஸ் தொழிலாளி'. முந்திரி ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அப்பா செத்தபோது எனக்கு நடக்கத் தெரியாது. அம்மை குழித்துறைப் பக்கம் ஆலையில் கொட்டை உடைத்தாள். தோட்டு எண்ணெய் பட்டு விரல்கள் வெந்து கறுத்திருக்கும். சாம்பல் தேய்த்துக் கழுவித்தான் எனக்குச் சோறு பிசைவாள். அப்படியும் சோற்றில் ஒரு காறல் இருக்கும். அந்தக் கைதான் என்னை நர்ஸுக்குப் படிக்க வைத்தது.

கல் வந்தது. அண்டியாபீஸ் இல்லை. அப்பாவின் பெயர் பெரிதாக இருந்தது. அம்மை அவருடைய 'ரெலிக்ட்'.

"இது என்ன சார்?"

"விதவைன்னு அர்த்தம் மக்கா. பழைய இங்கிலீஷ். மிஷனரி தொரசானி கல்லுல உள்ள வார்த்தையாக்கும்."

"அது எங்கேருந்து வந்தது?"

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "லத்தீன். விட்டுட்டுப் போகப்பட்டவ. புருசன் போனபிறகு மிச்சமா நிக்கவ. எவ்வளவு ஆழம் பாத்தியா?"

"எங்க அத்தையும் அம்மைய மிச்சம்னுதான் ஏசுவா. அவளுக்கு லத்தீன் தெரியாது."

"கல்லறையில அண்டியாபீஸ்னு இருந்தா வாசிக்கவன் சிரிப்பான் மக்கா."

"எவன் சிரிப்பான்? கிறிஸ்மஸ் கேக்குல நீங்க தின்ன அண்டிப்பருப்ப எந்த தொரசானி உடைச்சா?"



பழைய சொல்லோடு எனக்குச் சண்டையில்லை. அந்தத் துரைசானியின் காலத்தில் புருசன் பெயரைச் சொன்னால்தான் பெண் யாரென்று தெரிந்திருக்கும். என் அம்மை அப்பாவோடு வாழ்ந்தது கொஞ்சம். ஆலையில் குத்தவைத்து இருந்ததுதான் ஆயுசு முழுக்க. அவள் யாரும் விட்டுப்போன மிச்சமில்லை, அவளாக நின்றாள்.

கல்லை மாற்றக் கேட்டேன். வைத்த கல்லை எடுக்கும் வழக்கமில்லை என்கிறார். சரி. கொட்டை உடைத்து விரல் வெந்த பெண்கள் இன்னும் ஆராதனைக்கு விரித்த பாயில் பாதியை நிறைத்து உட்காருகிறார்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஒருவரும் எழும்புமுன், அவர்கள் முகத்தைப் பார்த்து அவர் சொல்லட்டும்: அவர்கள் செய்யும் வேலையைக் கல்லில் வெட்டினால் இந்தச் சபைக்கு என்ன கேவலம்?