செந்நரிக்குக் குரல் கொடுத்தவள்

எங்கள் ஊரில் சத்தம் போட்டுச் சம்பாதித்த ஒரே பெண் மலர்விழிதான். மற்றபடி நாங்கள் எல்லாரும் தினமும் இலவசமாகவே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தியாகதுருகத்தை ஒட்டிய சின்ன ஊர் இது. பஸ் நிறுத்தத்தில் எனக்குச் செல்போன் கடை. மலரின் அப்பா அம்மாசியும் அம்மா காசியம்மாளும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், எங்கள் பக்கத்து வீடு. சொந்தம் என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் அவளுக்கு மாமா.

அப்போது என் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் 'ஏழாம் களம்' என்று ஒரு வெளிநாட்டுச் சண்டை விளையாட்டு. இரண்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்து மோதவிட வேண்டும், அவ்வளவுதான் கதை. பள்ளிக்கூடம் விட்டதும் மலரும் அவள் தம்பி அஜித்குமாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சிவப்புக் கச்சை கட்டிய ஒரு பெண்ணைத்தான் மலர் எப்போதும் எடுப்பாள். பிற்பாடு தமிழில் அவளுக்குச் செந்நரி என்று பெயர் வைத்தார்கள். விளையாட்டில் அவளுக்குப் பேச்சே கிடையாது. அடித்தால் ஒரு கத்தல், அடி வாங்கினால் ஒரு கத்தல், விழுந்தால் ஒரு கத்தல். மலரும் கூடவே கத்துவாள். ரீசார்ஜ் செய்ய வந்தவர்கள் பயந்து திரும்பிப் போனதுண்டு.

"ஏம்மா, கடைய மூடிட்டுப் போவட்டுமா?" என்பேன்.

"இரு மாமா, இன்னும் ஒரு ஆளத்தான் சாவடிக்கணும்" என்பாள்.

காசு வருகிறது என்றால் எதையும் சும்மா விடுவார்களா? அந்த விளையாட்டை முதலில் படக்கதைப் புத்தகமாகப் போட்டார்கள். அதில் செந்நரி ஏதோ நாலு வார்த்தை பேசினாள். பிறகு கார்ட்டூன் தொடர் எடுத்தார்கள். அதற்குள் மலர் கள்ளக்குறிச்சியில் டிகிரி முடித்திருந்தாள். கூடப் படித்த இலக்கியாவோடு சென்னைக்குப் போய், அந்தத் தொடரைத் தமிழில் பேச ஆள் எடுக்கிற இடத்தில் போய் நின்றாள். வந்த பெண்கள் எல்லாரும் அழகாகப் பேசினார்களாம். கத்தச் சொன்னதும் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். நம் ஆளுக்கா கட்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே டி.வி. முன்னால் உட்கார்ந்தது. காசியம்மாள் மட்டும் நம்பவில்லை.

"வாயி அந்தப் பொம்மையிது அசையுது. இவ பேசறானு எப்பிடி நம்பறது? சினிமாக் கொட்டாயில பெருசா கேட்டாதான் நான் நம்புவேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். மலர் அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவைக் கள்ளக்குறிச்சித் தியேட்டரில் உட்கார வைத்துத் தன் குரலைக் கேட்க வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் வழி வந்தது. 'ஏழாம் களம்' சினிமாவாகி, தமிழிலும் வரப்போகிறது என்றார்கள். மலரைக் கூப்பிட்டுப் பேச வைத்துப் பார்த்தார்கள். வீரம் இருக்கிறது, வலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போய்ப் பழகிவிட்டு, திங்கட்கிழமை மறுபடி வந்து பேசிக்காட்டச் சொன்னார்கள்.

அவர்கள் பேசச் சொன்ன இடம் எது தெரியுமா? செந்நரி பள்ளத்தில் விழுந்து, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டபடியே சாகிற இடம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. விளையாட்டில் அவளுக்கு அம்மா கிடையாது. படக்கதையில் கிடையாது. கார்ட்டூனிலும் கிடையாது. சினிமாக்காரர்கள்தான், ஜனங்கள் அழ வேண்டும் என்று, புதிதாக ஒரு அம்மாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். யார் கேட்டது அந்த அம்மாவை?

ஒரே அறை வீட்டில் எப்படிக் கத்திப் பழகுவது? நாராயணசாமி நிலத்துக் கிணற்றைப் பிடித்தாள் மலர். உள்ளே நாலு படி இறங்கி நின்று குரல் கொடுத்தால் எதிரொலி வரும். "ஸ்டூடியோ மாதிரியே கேக்குது மாமா" என்று என்னிடமே சொன்னாள். அந்த வாரம் முழுக்க, அக்கம்பக்கத்துக் காட்டில் வேலை செய்தவர்கள் எல்லாரும் "அம்மா, அம்மா" என்பதைக் கேட்டுக்கொண்டேதான் வேலை செய்தார்கள்.

அது ஐப்பசி மாதம். கல்வராயன் மலையில் கொட்டிய மழையில் கிணற்றில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. படியெல்லாம் பாசி. அந்த வாரக் கடைசியில் ஒரு நாள், அம்மாசி மரவள்ளி வேலைக்கு வெள்ளிமலைக்குப் போயிருந்தார். காசியம்மாளும் இன்னும் சில பெண்களும் இரண்டு வயல் தள்ளி மணிலாக் கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிணற்றிலிருந்து கத்தல் கேட்டது. அம்மா என்றது. மறுபடியும் மறுபடியும் அம்மா என்றது. "இன்னிக்கு இன்னா, செந்நரிக்கு உசுரு போவவே மாட்டேங்குது?" என்று கூட வேலை செய்த ராணியம்மாள் கேட்க, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு சத்தம் நின்றது. பழகி முடித்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பொழுது சாயும்போது வீட்டில் அவளைக் காணாமல் தேடிப் போனார்கள். கிணற்று மேட்டில் அவளுடைய செருப்பு கிடந்தது. மலருக்கு நீச்சல் தெரியாது.

நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்த வயலில் இருந்திருந்தாலும் சிரித்துத்தான் இருப்பேன். அது எனக்குத் தெரியும், அதனால்தான் மனசு ஆறவில்லை.

தை பிறந்து படம் வந்தது. "என்னக் கூட்டிக்கினு போண்ணா" என்று காசியம்மாள் கடை வாசலில் வந்து நின்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. செந்நரிக்கு யாரோ பேசியிருந்தார்கள், நன்றாகவே பேசியிருந்தார்கள். பள்ளத்தில் விழுந்து அம்மா என்று அவள் கூப்பிட்டபோது தியேட்டரில் பல பேர் அழுதார்கள். காசியம்மாள் அழவில்லை. பஸ் ஏறின பிறகு கேட்டாள்.

"அத்தினி தரம் கூப்பிடுது அந்தப் பொண்ணு. அந்த அம்மாக்காரி வரவேயில்ல, பாத்தியாண்ணா?"

"அது சினிமாம்மா" என்றேன்.

வைகாசியில் அஜித்குமாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. கன்னியாகச் செத்த பெண்ணை எங்கள் பக்கம் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதலில் நீர்க்கரைக்குப் போய், பம்பை அடித்து அவளைக் கூப்பிட வேண்டும். அவள் யார் மேலாவது இறங்கி, சந்தோஷம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகுதான் கலசத்தில் தண்ணீர் மொண்டு வீட்டுக்கு அழைத்துவந்து, புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். மலர் எந்த நீரில் போனாளோ அங்கேதான் கூப்பிட வேண்டும் என்று பம்பைக்காரர் சொல்லிவிட்டார்.

கிணற்று மேட்டில் கலசம் வைத்துப் பூச்சுற்றினார்கள். புதுப் பாவாடை தாவணியை முன்னால் வைத்தார்கள். பம்பைக்காரர் பாடிப் பாடி அழைத்தார். அம்மாசியின் தங்கைக்கு எப்போதும் அருள் வரும். அன்றைக்கு அவள் சும்மா நின்றாள். மலர் யார் மேலும் வரவில்லை. கற்பூரம் மாற்றி மாற்றி ஏற்றினார்கள்.

"பொண்ணுக்கு ஏதோ மனக்கொற கீது. பெத்தவங்க கேளுங்க" என்றார் பம்பைக்காரர், பம்பையை இறக்கி வைத்துவிட்டு.

அம்மாசி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். காசியம்மாள் எழுந்துபோய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"மலரு, நீ கூப்ட்டது எனுக்குக் கேட்டுச்சுடி. களை வெட்டிக்கினே கேட்டுக்கினுதான் இருந்தேன். மொத நாளெல்லாம் பொய்யா இருந்துது. அன்னிக்குத்தான் நெசமாவே கூப்புடற மாதிரி இருந்துது. தேறிட்டா எம்பொண்ணுனு நெனச்சேன்டி. எழுந்து நின்னு, 'அப்படித்தான்டி, இன்னும் நல்லா கத்துடி'னு நானும் கத்துனேன். அது உனுக்குக் கேட்டுதாடி?"

பதில் வரும் என்று அவள் காத்திருந்தாள்.