படகில் ஏறும்முன் சொன்ன பொய்

எங்கள் ஆத்தில் யாரும் குடிப்பதில்லை. சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி வரும், அவ்வளவுதான். ஸ்ரீவராகத்தில், மலையாளிகள் நடுவே இருக்கிற எங்கள் தமிழ்த் தெருவில் குடி என்ற வார்த்தையையே சொல்லமாட்டார்கள். பெரியப்பாவுக்குத் தலைவலி இருந்தது, என் தம்பிக்கும் இருந்தது. அம்மா தைலம் எடுத்துக் கொடுப்பாள். எல்லாம் தெரிந்துதான் கொடுப்பாள்.

தம்பிக்கு நிச்சயம் ஆன மறுநாள், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பெண் வீட்டாரைப் பக்கத்திலிருக்கும் பூவாருக்குப் படகு சவாரிக்கு அழைத்துப் போனோம். பகல் பதினொரு மணி, வெயில் கொளுத்தியது. தம்பிக்கு லைஃப் ஜாக்கெட் பட்டியை நான்தான் மாட்டிவிட்டேன். அவன் வாயில் பெப்பர்மின்ட் வாசனைக்கு அடியில் இன்னொன்று அடித்தது.

"டேய்!" என்றேன்.

"ஒரே ஒரு பீர்தான்க்கா. மானத்தை வாங்காதே" என்று பல்லைக் கடித்தான். அவன் கண்ணைப் பார்த்தால் ஒன்றோடு நிறுத்தின மாதிரி இல்லை.

படகோட்டி கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். ஏறுவதற்கு முன்னால் எங்கள் எல்லோரையும் நிறுத்திக் கேட்டார்: "சாரே, யாராச்சும் மத்தது, தண்ணி, அடிச்சிட்டுண்டா? உண்டெங்கி ஏற வேண்டாம். சட்டம் அதாக்கும். ஏத்தினா எனக்க லைசென்ஸ் போவும்."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க ஆத்துல அந்தப் பழக்கமே கிடையாதுய்யா. ஆளைப் பாத்தாத் தெரியலை?"

படகோட்டி விடவில்லை. என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க பறயுங்க."

"ஒருத்தரும் குடிக்கலை" என்றேன்.

தண்ணீரில் வேர்விட்டு நின்ற கண்டல் மரங்களைத் தாண்டி, ஆறு கடலைத் தொடுகிற இடம் தெரிந்ததும் தம்பி ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போட்டோவுக்காகப் படகின் விளிம்பில் ஏறி நின்றான். "இருங்க சாரே, இருங்க!" என்று படகோட்டி கத்தி முடிப்பதற்குள் விழுந்துவிட்டான். நீச்சல் தெரிந்தவன்தான். அன்றைக்குக் கையும் காலும் அவன் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு தடவை மேலே வந்தான், அப்புறம் காணோம். படகோட்டி இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்தார். தலைமுடியைப் பிடித்துத்தான் அவனை மேலே கொண்டுவந்தார்.

படகில் கிடத்தியதும் தம்பி வாந்தி எடுத்தான். அந்த நாற்றம் எல்லார் மூக்கிலும் ஏறியது. பெண்ணின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மா பையிலிருந்து தைலத்தை எடுத்தாள்.

கரைக்கு வந்ததும் அப்பா ஆரம்பித்தார். "போட்டை ஆட்டினது அவன்தான். அவனை ஊதச் சொல்லுங்கோ." போலீஸ்காரர் வந்து கருவியை நீட்டினார். படகோட்டி நனைந்த உடையோடே ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. தம்பியை யாரும் ஊதச் சொல்லவில்லை. அப்பா அதோடு விட்டாரா? படகோட்டியின் கவனக்குறைவு என்று புகார் எழுதிக் கொடுத்தார். விசாரணை முடியும்வரை அந்த மனுஷன் படகைத் தொடக்கூடாது என்று ஆகிவிட்டது. பிள்ளையின் உயிரைக் காப்பாற்றினவருக்கு நாங்கள் செய்த மரியாதை! எனக்கு வெட்கமாக இருந்தது.

விசாரணைக்கு அப்பாவையும் என்னையும் துறைமுக அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "கால் வழுக்கிடுத்துன்னு சொல்லு, போதும். கல்யாணம் நடந்தாகணும்" என்று ஆட்டோவிலேயே சொல்லிவிட்டார் அப்பா. தம்பி குடித்திருந்தான் என்று மட்டும் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. ஆனால் அதிகாரி முதலிலேயே ஒரு விஷயம் சொன்னார். "குடிச்ச ஆளைத் தெரிஞ்சு ஏத்தினா படகு டிரைவருக்கும் குற்றம்தான், கேட்டோ."

ஆக, அவர் கேட்டதையும் நான் மறுத்ததையும் மறைத்துப் பாதி உண்மை சொன்னால், தெரிந்தே ஏற்றினார் என்று ஆகி, படகோட்டி கதி அதோகதி. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

தாள் வாங்கி, பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளத்தில் எழுதினேன். என் தம்பி குடித்திருந்தான். அது எனக்குத் தெரியும். படகோட்டி என்னிடம் நேராகவே கேட்டார். இல்லை என்று நான் பொய் சொன்னேன். ஜாக்கெட்டைக் கழற்றியதும் எழுந்து நின்றதும் தம்பிதான். கீழே கையெழுத்துப் போட்டேன். அதிகாரி அதை உரக்கப் படித்துவிட்டு, படகோட்டியைக் கூப்பிட்டு, நாளை முதல் வேலைக்குப் போகலாம் என்றார். அவர் கும்பிட்டுவிட்டு வேகமாக வெளியே போனார்.

அப்பா வராந்தாவில் என்னை மறித்தார். "இத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கறவ, அன்னிக்கு ஏண்டி பொய் சொன்னே?"

"உங்களுக்குப் பயந்துதாம்ப்பா. அவன் தண்ணிக்குள்ள போனப்போகூட, முதல்ல உங்க முகத்தைத்தான் பாத்தேன்."