கடைசி மணிக்கு முந்திய மூன்று நிமிடம்

தன் மதத்தைச் சேராதவர்களின் பாடசாலையில் ஒருவர் எத்தனை காலம் விருந்தாளியாகவே இருப்பார்? நிந்தவூர் பஹ்மிதா டீச்சரின் பதினொரு வருடங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது.

கல்முனையில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் பெண்கள் பாடசாலையில் அவர் கணிதம் படிப்பித்தார். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் முழுவதும் விடுமுறை. இங்கே அது இல்லை. நோன்போடு பஸ்ஸில் போய், நோன்போடு கேத்திரகணிதம் படிப்பித்து, நோன்போடு திரும்பினார். வீட்டுக்கு எதிரே ஒரு முஸ்லிம் பாடசாலை. அங்கே இடமாற்றம் கேட்டு அவரே விண்ணப்பித்திருந்தார். கடிதம் வந்தால் போவதா, இருப்பதா என்பதுதான் மூன்று வருடமாக வீட்டில் பேச்சு.

"ஊட்டுக்கு முன்னால பள்ளிக்கூடம் கெடக்கு. நோன்புக்கு லீவும் கெடக்கு. இதுக்கு மேல என்ன புள்ள வேணும் ஒனக்கு?" என்பார் கணவர் மிஹ்லார்.

"கடிதம் வரட்டும். பாப்பம்."

கன்னியர் பாடசாலையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி மணிக்கு முன் மூன்று நிமிடம் எல்லா வகுப்பும் மௌனமாக இருக்கும். ஆன்மசோதனை என்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார்கள். மற்றவர்கள் கண்ணை மூடி, அன்று யாருக்கு என்ன பிழை செய்தோம் என்று நினைப்பார்கள். பிழை நினைவுக்கு வந்தால், பாடசாலைக் கேற்றைத் தாண்டுமுன் உரியவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆகவே பின்னேரத்தில் கேற்றடியில் எப்போதும் நெரிசல்.

"கெதியாச் சொல்லுடி, பஸ் போகப் போகுது!"

"உன்ட கோடு போடுற அடிமட்டத்த முறிச்சது நான்தான்."

"அது எனக்கு நேத்தே தெரியும்!"

இதனால் எல்லாரும் நல்லவர்களாகிவிடவில்லை. மன்னிப்புக் கேட்டவளே மறுநாள் அதே பிழையைச் செய்வதும் உண்டு. ஆனால் பிழையை ஒப்புக்கொள்வதால் ஆள் சிறுத்துப்போவதில்லை என்பதைப் பன்னிரண்டு வயதில் பழகுவது சிறிய விடயம் அல்ல. நம்மில் பலருக்கு அது ஐம்பதிலும் வாய்ப்பதில்லை.

பதினோராவது வருட நோன்பில், பாடசாலை அதிபர் சிஸ்டர் ஜெசிந்தா புதிய பாட நேரசூசி போட்டார். பஹ்மிதாவின் கடைசிப் பாடம் வேறொருவருக்குப் போயிருந்தது. தமிழ் படிப்பிக்கும் கேதீஸ்வரிதான் செய்தி கொண்டுவந்தார்.

"மிஸ், உங்களுக்கு லொத்தர் விழுந்திருக்கு. நோன்பு முடியுமட்டும் கடைசிப் பாடம் இல்லயாம்."

பஹ்மிதா சிரிக்கவில்லை. "நோன்பு புடிக்கிறது நான். பத்தாம் வகுப்ப ஏன் பட்டினி போடுறாங்க? ஏலாதெண்டு நான் சொன்னனா?"

அன்றும் அவர் அந்த வகுப்புக்குப் போய்ப் பாடத்தை எடுத்தார். கேதீஸ்வரி அதிபரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மௌனம் முடியும் நேரம் சிஸ்டர் வகுப்பு வாசலில் நின்றார்.

"மிஸ், உங்களிட்டக் கேக்காம நேரசூசிய மாத்திட்டன். உங்களுக்கு ஏலாதெண்டு நானே முடிவெடுத்தது பிழை. மன்னிக்கோணும்."

நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி எழும்பினாள்.

"அப்ப நாளைக்கும் கணக்கா, சிஸ்டர்?"

"ஓம் மகள். நாளைக்கும் கணக்குத்தான்."

வகுப்பு சிரித்தது. பஹ்மிதாவும் சிரித்துவிட்டார்.

பெருநாள் கழிந்து இரண்டாம் வாரம் இடமாற்றக் கடிதம் வந்தது. பஹ்மிதா போக மாட்டார் என்றே கேதீஸ்வரி நினைத்திருந்தார். ஆனால் பஹ்மிதா சம்மதித்துக் கையெழுத்திட்டார். "அங்கயும் பிள்ளைகள்தான், போயிட்டு வாங்க" என்று சிஸ்டர் வழியனுப்பினார். வீட்டுக்கு எதிரே உள்ள பாடசாலையில் பஹ்மிதா அதே கண்டிப்போடு படிப்பித்தார். அங்கே அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் நேரே கேற்றைத் தாண்டி ஓடினார்கள்.

அந்த வருடம் அவருடைய மகள் ஹஸ்னா ஐந்தாம் வகுப்பை முடித்தாள். ஆறாம் வகுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். பஹ்மிதா ஒரே ஒரு படிவம் நிரப்பினார். கல்முனைக் கன்னியர் பாடசாலைக்கு.

"என்ன டீச்சர், நம்மட பள்ளிக்கூடம் மத்தவங்கட பிள்ளைக்கு மட்டுந்தானோ?" என்று புதிய பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் சாலிஹ் சேர் எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். பஹ்மிதா கொப்பி திருத்திக்கொண்டிருந்தார்.

வீட்டில் மிஹ்லாரும் விடவில்லை. "நீ இஞ்சால வந்துட்டாய், மகள அங்கால அனுப்புறாய். என்ன ஞாயம் புள்ள இது?"

"போட்டோ ரெண்டு வேணுமாம். நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

புதிய தவணை தொடங்கிய நாளில் மகளைக் கல்முனை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வீதியைக் கடந்து தன் பாடசாலைக்குள் போனார். இன்றும் அப்படித்தான் போகிறார். ஏன் என்று கேட்டவர்கள் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.